வாடைக்கும் தடைக்காலத்துக்கும் புது எஞ்சினைக் கட்டி வைப்பது எப்படி?

தங்கச்சிமடத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் ஃபைபர் வள்ளத்துக்குப் புதிதாக, பின்னால் மாட்டும் நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின் வாங்கினேன். மச்சானின் விசைப்படகிலும் புது டீசல் எஞ்சின் இறக்கியிருக்கிறார். இரண்டு கையேட்டிலும் குளிர்காலச் சேமிப்பு என்று ஒரு பெரிய பகுதி இருக்கிறது. நமக்குத்தான் பனியே கிடையாதே, அதெல்லாம் நமக்கு வேண்டுமா? வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டால் போதாதா?"

வேண்டும் தம்பி. அந்தப் பகுதியில் முக்கால்வாசி நமக்கும் பொருந்தும். ஐந்து நிமிட ஓட்டம் மட்டும் வேண்டாம், அது புது எஞ்சினுக்குக் கெடுதல். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

குளிர்நாட்டுக்காரர்களுக்குப் பயம் ஐஸ். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பெருக்கும். எஞ்சின் பிளாக்குக்குள் தங்கிய தண்ணீர் அப்படிப் பெருத்தால் வார்ப்பிரும்பே வெடித்துவிடும். அதனால்தான் அவர்கள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே இருக்கக் கூடாது என்று அடித்துச் சொல்கிறார்கள். நம் கரையில் அந்த ஆபத்து இல்லை. ஆனால் நம் எஞ்சினுக்குள் நிற்பது கடல் தண்ணீர். ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. எஞ்சினை அணைத்ததும் சூட்டில் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு அலுமினியச் சுவரிலும், சூடேறியதும் தண்ணீருக்கு வழி திறக்கும் தெர்மோஸ்டாட்டிலும் ஒட்டிக்கொள்ளும். "காய்ந்த உப்பு என்ன செய்யும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நம் ஊரில் உப்பு காய்வதே இல்லை. கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்து இழுத்துத் தன்னை நனைத்துக்கொண்டே இருக்கும். எஞ்சின் நின்ற பிறகும் அரிப்பு நிற்காது. ஓடுகிற எஞ்சினைவிடச் சும்மா நிற்கிற எஞ்சின் இங்கே சீக்கிரம் கெடுவது அதனால்தான்.

இந்தக் காற்று இரும்பை என்ன செய்யும் என்பதற்குப் பாம்பன் பாலத்தைவிட வேறு சாட்சி வேண்டாம். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தில், துருவும் பழுதும் மிஞ்சிப்போய் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் தேவைப்பட்டன. நம் எஞ்சின் அதே காற்றில்தான் நிற்கிறது.

எப்போது கட்டி வைக்கிறோம் என்பதும் இரண்டு பேருக்கும் ஒன்றல்ல. மச்சானின் விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வெயிலும் கச்சான் காற்றோடு வரும் மணலும் அவருக்கு எதிரி. உங்கள் நாட்டுப்படகுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் நீங்கள் தொழில் செய்வது வடகடலில் (பாக் விரிகுடாவில்) என்றால், ஐப்பசி, கார்த்திகையில் வாடை கிளம்பும்போது வள்ளத்தைக் கரையேற்றி வாரக்கணக்கில் போட வேண்டிவரும். அப்போது எதிரி மழையும் ஈரமும். வேலை ஏறக்குறைய ஒன்றுதான், கவனம் வைக்கும் இடம் மாறும்.

முதல் வேலை, மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான வேலை, நல்ல தண்ணீரால் உள்ளே கழுவுவது. வெளியே கழுவி மினுக்கி வைக்கப்பட்டு உள்ளே உப்புக் கட்டிய எஞ்சின்களை நிறையப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். தெர்மோஸ்டாட் மூடியைக் கழற்றினால் வெள்ளையாக, கல் போல உப்பு உட்கார்ந்திருக்கும். தண்ணீர் போக வேண்டிய வழி பென்சில் முனை அளவுக்குச் சுருங்கியிருக்கும்.

200 லிட்டர் டிரம் ஒன்று போதும். புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு, அதற்கு மேலே இருக்கும் தட்டை இறக்கை நான்கைந்து விரல் முங்கும் அளவுக்குத் தண்ணீர் நிரப்புங்கள். நியூட்ரலில், மெதுவான ஓட்டத்திலேயே பத்துப் பதினைந்து நிமிடம் ஓடட்டும். அவ்வளவு நேரம் எதற்கு என்றால், எஞ்சின் சூடேறித் தெர்மோஸ்டாட் திறந்தால்தான் நல்ல தண்ணீர் பிளாக் முழுவதும் சுற்றும். இரண்டு நிமிடத்தில் அணைத்தால் கழுவியது கீழ்ப்பாதி மட்டும்தான். திறந்த வெளியில் வைத்துச் செய்யுங்கள், கொட்டகைக்குள் புகை ஆளை மயக்கிவிடும்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். குடிக்கிற தண்ணீருக்கே குடத்தோடு அலைகிற ஊரில் எஞ்சினுக்கு 200 லிட்டரா? தண்ணீரைப் பங்கு போட்டுச் செலவழிக்கலாம். நம் கரையில் பல கிணறுகள் உவர்ப்புதான். ஆனால் உவர்க் கிணற்று நீரிலுள்ள உப்பு, கடல் தண்ணீரின் உப்பில் சிறு பங்குதான் இருக்கும். முதல் கழுவலை அந்தக் கிணற்று நீரிலேயே செய்துவிடுங்கள், பெரும்பாலான உப்பு அதிலேயே கரைந்து வந்துவிடும். டிரம்மில் ஓடும்போது ஒரே தண்ணீர்தான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது, அதனால் அந்தத் தண்ணீரை அப்படியே விட்டுவிட்டு முடிக்கக் கூடாது. கொட்டிவிட்டு, கடைசிக் கழுவலுக்கு மட்டும் நல்ல தண்ணீர் பிடியுங்கள். மழைத் தண்ணீர் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. டிரம்முக்குள் இரண்டு மூன்று மணல் மூட்டையை இறக்கி வைத்தால் நிரப்ப வேண்டிய தண்ணீரும் குறையும். மூட்டைகள் எஞ்சினின் தண்ணீர் உறிஞ்சும் வாயை அடைக்காமல், மணல் கசியாமல் பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும்.

பல புது எஞ்சின்களில் தோட்டக் குழாய் மாட்டிக் கழுவ ஒரு தனி வாய் வைத்திருக்கிறார்கள். அது வசதிதான். ஆனால் பல மாடல்களில் எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் அதைப் பயன்படுத்த வேண்டும். ஓடவிட்டால் கீழே இருக்கும் தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் இதழ்ச் சக்கரம்) காய்ந்து சில விநாடிகளிலேயே பொசுங்கத் தொடங்கும். உங்கள் கையேட்டில் எது சொல்லியிருக்கிறதோ அதுவே சட்டம். கழுவி முடித்ததும் எஞ்சினை நேராக நிறுத்தித் தண்ணீர் முழுக்க வடியவிடுங்கள். வண்டியில் ஏற்ற வேண்டும் என்று அவசரப்பட்டுப் படுக்கப்போட்டால், அதிலும் கியர்ப் பகுதி மேலே, தலை கீழே என்று கிடத்தினால், மிச்சத் தண்ணீர் எக்ஸாஸ்ட் வழியாக சிலிண்டருக்குப் போகும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினைப் படுக்க வைத்தே ஆக வேண்டும் என்றால் எந்தப் பக்கம் என்று கையேட்டில் படம் இருக்கும். தப்பான பக்கம் கிடத்தினால் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கிவிடும்.

இப்போது உங்கள் ஐந்து நிமிட ஓட்டத்துக்கு வருகிறேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. எஞ்சின் நன்றாகச் சூடாக இருந்தால் அந்த ஆவி வெளியே போய்விடும். ஐந்து நிமிடத்தில் அணைத்தால் சூடேறாத சுவரில் வியர்த்து, பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலில் கலக்கும். எரிந்தும் எரியாத பெட்ரோலும் சேர்ந்து இறங்கும். பழைய இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயில் பெட்ரோலோடு கலந்தே போனதால், ஒவ்வொரு ஸ்டார்ட்டும் உள்ளே ஒரு பூச்சுப் பூசியது. அப்பா காலத்துப் பழக்கம் அங்கிருந்து வந்தது, அன்றைக்கு அதில் அர்த்தம் இருந்தது. நான்கு ஸ்ட்ரோக்குக்கு அது பொருந்தாது. ஓட்டினால் முழுச் சூடு வரும்வரை, முடிந்தால் கடலில் ஒரு சுற்றுப் போய் வரும்படி ஓட்டுங்கள். இல்லையென்றால் தொடாமல் விடுங்கள்.

அடுத்தது எண்ணெய், அதாவது பெட்ரோல். இன்றைக்கு பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் ஈரத்தைக் குடிக்கும். அளவுக்கு மேல் குடித்ததும் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் போய் நிற்கும். எஞ்சினுக்குப் போகும் குழாய் உறிஞ்சுவதும் அந்த அடியில்தான். பெட்ரோலைக் கெடாமல் வைக்கும் ஸ்டெபிலைசர் கிடைத்தால், கடைசித் தொழில் நாளிலேயே டேங்கில் கலந்து ஓட்டி, அது எஞ்சின் வரை போய்ச் சேரும்படி செய்யலாம். நம் பக்கம் அது எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. அதனால் நான் சொல்வது இதுதான்: டேங்கைக் காலி செய்து பெட்ரோலை மோட்டார் சைக்கிளில் ஊற்றி ஓட்டித் தீர்த்துவிடுங்கள். நாலு மாதம் பழையதாக வைத்திருந்து எஞ்சினில் ஊற்றுவதைவிட அது லாபம்.

எஞ்சினுக்குள் மிச்சம் இருக்கும் பெட்ரோல் வேறு விஷயம். கார்புரேட்டர் எஞ்சின் என்றால், கழுவும்போதே எண்ணெய்க் குழாயைக் கழற்றிவிட்டு அது தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, கார்புரேட்டர் அடிக்குப்பியின் திருகைத் திறந்து வடித்துவிடலாம். இன்ஜெக்ஷன் எஞ்சினில் அப்படி வறளவிட வேண்டாம். உள்ளே இருக்கும் உயர் அழுத்தப் பம்புக்குக் குளிர்ச்சியும் வழுவழுப்பும் பெட்ரோல்தான். அதற்கென்று எஞ்சினுக்குள் இருக்கும் சிறிய ஆவிபிரிப்புத் தொட்டியில் வடிதிருகு இருக்கும். பாட்டிலை அடியில் பிடித்து அதைத் திறந்து வடிப்பதுதான் முறை. வடித்ததை வெயிலில் தூக்கிப் பாருங்கள், அடியில் கண்ணாடி போல் ஒரு அடுக்கு தனியாகத் தெரிந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

உங்கள் பக்கத்து வள்ளத்தில் மண்ணெண்ணெய் எஞ்சின் இருந்தால் அவருக்கும் ஒன்று சொல்லுங்கள். நிறுத்துவதற்கு முன் கடைசிப் பத்து நிமிடம் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டிவிட்டுத்தான் அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் மண்ணெண்ணெய் கார்புரேட்டரில் பிசினாக நிற்கும், பிளக்கும் நனைந்து கிடக்கும். உங்கள் புது எஞ்சினில் மண்ணெண்ணெய் ஒரு சொட்டுக்கூடக் கலக்கக் கூடாது.

ஆயில் மாற்றுவதில் நம் ஊரில் பாதிப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள். "நிற்கப் போகிற எஞ்சினுக்கு எதற்குப் புது ஆயில், ஜூன் மாதம் மாற்றிக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். பழைய ஆயிலில் அமிலமும் கரியும் ஈரமும் இருக்கின்றன. அதோடு நிறுத்தினால் பேரிங்குகள் இரண்டு மாதம் அமிலத்தில் ஊறும். காசு செலவழிப்பது எப்படியும் ஒரு தடவைதான், அதை நிறுத்தும்போதே செய்யுங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போதே வடித்து, பில்டரையும் மாற்றி, புது ஆயில் உள்ளே சுற்றும்படி கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். கழுவும் வேலைக்கு முன்னால் இதை முடித்துக்கொண்டால் இரண்டு தடவை ஓட்ட வேண்டியதில்லை.

கியர் ஆயிலும் அப்படித்தான். கீழ்த் திருகைத் திறந்து, பிறகு மேல் திருகையும் திறந்தால் வடியும். வருகிற ஆயிலின் நிறத்தைப் பாருங்கள். மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. நம் கடலில் அதற்கு முதல் காரணம் தங்கூசி என்ற நைலான் நரம்பு. அறுந்த வலையின் தங்கூசி இழை புரொப்பல்லருக்குப் பின்னால் தண்டில் சுற்றிக்கொண்டு, சூடாகி, ஆயில் சீலை மெல்ல அறுக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. புரொப்பல்லரைக் கழற்றினால்தான் மயிர்க்கற்றை போல அது சுருண்டு கிடப்பது தெரியும். இழையைக் கத்தியால் வெட்டி எடுத்து, சீலைப் பார்த்து, தண்டில் கிரீஸ் பூசி மாட்டுங்கள். புது கியர் ஆயிலைக் கீழ் ஓட்டை வழியாக ஏற்றி, மேல் ஓட்டையில் வழிந்ததும் மேல் திருகை முதலில் மூடுங்கள். வாஷர் இரண்டும் புதிதாக இருக்கட்டும்.

சிலிண்டருக்குள் பூச்சுப் பூசுவது ஒரு மாதத்துக்கு மேல் நிற்கும் எஞ்சினுக்கு அவசியம். பாதுகாப்புக் கயிற்றைக் கழற்றி, பிளக்குகளை எடுத்து, அதற்கென்று விற்கும் தெளிப்பு ஆயில் இருந்தால் அதை, இல்லையென்றால் சுத்தமான எஞ்சின் ஆயில் ஒரு தேக்கரண்டி ஒவ்வொரு சிலிண்டரிலும் விட்டு, கையால் நாலைந்து சுற்றுச் சுற்றி பிளக்கை மாட்டிவிடுங்கள். அதன் பிறகு அதைத் தொடக் கூடாது, ஸ்டார்ட் செய்தால் பூசியது போய்விடும்.

மூடி வைப்பதில் நடக்கும் தவறு எனக்கு மனத்தாங்கலாகவே இருக்கிறது. நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார்கள்: பாலித்தீன் தாளால் எஞ்சினைச் சுற்றிக் கயிறு போட்டு இறுக்கிவிடுவது. பகல் வெயிலில் உள்ளே ஈரம் ஆவியாகும், ராத்திரி அதே ஈரம் வியர்த்து வயர்மேல் சொட்டும். தினமும் இதுதான். புது எஞ்சினின் உயிர் கம்ப்யூட்டர் பெட்டியிலும் அதன் கனெக்டர்களிலும் இருக்கிறது, பச்சைப் பூசணம் பிடிப்பதும் அங்கேதான். துணி உறையோ ஓலைக் கொட்டகையோ போதும், காற்று போய் வர வேண்டும். மேல்மூடிக்குள் அழுத்தமான தண்ணீர் பீய்ச்ச வேண்டாம். ஈரத் துணியால் துடைத்து, காயவிட்டு, அரிப்புத் தடுப்பு ஸ்ப்ரேயை லேசாக அடித்தால் போதும். எலி வயரைக் கடிக்கும், வலை மூட்டைக்குப் பக்கத்தில் எஞ்சினை வைக்காதீர்கள்.

மற்றவை சுருக்கமாக. எஞ்சினுக்குப் பதிலாகத் தான் அரித்துப்போகும் துத்தநாகக் கட்டி பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றுங்கள், அதன்மேல் பெயின்ட் அடித்தால் அது வேலை செய்யாது. கிரீஸ் நிப்பிள் எல்லாவற்றிலும் பழைய கிரீஸ் வெளியே தள்ளும்வரை அடியுங்கள். பேட்டரியைக் கழற்றி நிழலில் வைத்து மாதம் ஒரு தடவை சார்ஜ் போடுங்கள், முழுச் சார்ஜில் 12.6 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது.

மச்சானின் டீசல் எஞ்சினுக்கு வருவோம். மேலே சொன்ன ஆயில், பேட்டரி, காற்றோட்டம் எல்லாம் அதற்கும் உண்டு. தனியாகச் சொல்ல வேண்டியது கூலன்ட். "ஐஸ் பிடிக்காமல் இருக்கத்தானே கூலன்ட், நமக்கு எதற்கு" என்று அதை வடித்துவிட்டுக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி ஓட்டும் படகுகள் உண்டு. ஐஸைத் தடுப்பது கூலன்டின் ஒரு வேலை மட்டுமே. துருவைத் தடுக்கும் மருந்தும் அதில்தான் இருக்கிறது. டீசல் எஞ்சினில் லைனரை, அதாவது பிஸ்டன் ஓடும் உருளைச் சுவரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் அமைப்பு இருந்தால், ஒவ்வொரு வெடிப்புக்கும் லைனர் அதிரும். அந்த அதிர்வில் தண்ணீரில் நுண்ணிய குமிழ்கள் தோன்றி உடைந்து, லைனரில் குண்டூசித் துளை போடும். கூலன்ட் மருந்து அந்த இடத்தில் ஒரு படலம் போட்டுக் காக்கிறது. கிணற்று நீரில் அந்தப் பாதுகாப்பு இல்லை, போதாததற்குச் சுண்ணாம்பும் குளோரைடும் வேறு. எஞ்சின் கம்பெனி சொல்லும் கூலன்டை, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரோடு கையேட்டில் உள்ள அளவில் கலந்து ஊற்றச் சொல்லுங்கள். தடைக்காலம் அதை மாற்ற ஏற்ற நேரம்.

கடல் தண்ணீர் ஓடும் பக்கத்தை, கடல் வால்வை மூடிவிட்டு, வடிகட்டியின் வழியாக நல்ல தண்ணீர் ஊற்றி எஞ்சினை ஓட்டிக் கழுவ வேண்டும். ஊற்றுகிற தண்ணீர் நிற்கும் முன்பே எஞ்சினை அணைத்துவிட வேண்டும். அப்புறம் ரப்பர் இம்பெல்லரைக் கழற்றி வீட்டில் வையுங்கள். இரண்டு மாதம் பம்புக்குள் மடங்கிக் கிடந்தால் அதன் இதழ்கள் அப்படியே நின்றுவிடும். புகைக்குழாய் வாயை அடைத்தால், சாவியில் ஒரு சீட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். டிரைவர் மாறி வேறு ஆள் வந்து ஸ்டார்ட் செய்யக்கூடும்.

டீசல் டேங்க் நிறைய இருக்க வேண்டும், அல்லது காலியாகிக் காய்ந்திருக்க வேண்டும். பாதி டேங்க்தான் மோசம், மேல்பாதிக் காற்று ராத்திரியில் வியர்த்து டீசலில் இறங்கும். தண்ணீரும் டீசலும் சேரும் கோட்டில் பாசி போல நுண்ணுயிர் வளர்ந்து பில்டரை அடைக்கும். மச்சானுடையது காமன் ரெயில் எஞ்சின் என்றால் இது இன்னும் முக்கியம். அதில் டீசல் ஆயிரம் பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் மயிரிழைத் துளை வழியாகப் போகிறது, கொஞ்சம் தண்ணீர் புகுந்தாலும் இன்ஜெக்டர் போய்விடும். தண்ணீர் பிரிப்பானைச் சுத்தமான டீசல் வரும்வரை வடியுங்கள்.

வடித்த ஆயிலைக் கடலில் கொட்டாதீர்கள் என்று டிரைவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். தென்கடலில் (மன்னார் வளைகுடாவில்) தூத்துக்குடி வரை இருக்கும் 21 தீவுகளும் 1986-லேயே தேசியப் பூங்காவானவை, அங்கே பவளமும் கடற்புல்லும்தான் நம் மீனுக்குத் தொட்டில். கேனில் பிடித்து வைத்தால் கழிவு ஆயில் வாங்குகிறவர்கள் வந்து காசு கொடுத்தே எடுத்துப் போவார்கள்.

வாடையில் வள்ளம் கவிழ்ந்து எஞ்சின் கடலில் முங்கிவிட்டால் வேறு விதி. தூக்கி வெயிலில் காயவைப்பதுதான் எல்லோருக்கும் தோன்றும், அதைச் செய்யவே கூடாது. காற்றுப் பட்டதும் துரு தொடங்கிவிடும். உடனே நல்ல தண்ணீரால் உள்ளும் புறமும் கழுவி, பிளக்கைக் கழற்றி தண்ணீரை வெளியேற்றி, சிலிண்டரில் ஆயில் விட்டு, அன்றைக்கே மெக்கானிக்கிடம் கொண்டு போங்கள். முங்கியபோது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்து, இப்போது கையால் சுற்றும்போது தடுத்தால், பலவந்தமாகச் சுற்ற வேண்டாம்.

திரும்ப இறக்கும் வேலையைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். ஜூன் இரண்டாம் வாரத்தில் ராமேஸ்வரம், மண்டபம் எங்கும் மெக்கானிக் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஒரு வாரம் முன்னதாகவே இம்பெல்லரை கிளிசரின் தடவி, சுழலும் திசைக்கு இதழ்கள் மடங்கும்படி மாட்டி, கடல் வால்வைத் திறந்து, புகைக்குழாய் அடைப்பை எடுத்து, புது டீசலைக் கைப்பம்பால் அடித்துக் காற்றை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். உங்கள் எஞ்சின் முதலில் கொஞ்சம் வெள்ளைப் புகை விடும், அது பூசிய ஆயில் எரிவது, பயப்பட வேண்டாம். இரண்டிலும் முதல் அரை நிமிடத்துக்குள் பின்பக்கம் தண்ணீர் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். வரவில்லை என்றால் உடனே அணைத்துவிட்டு பம்பைப் பிரியுங்கள்.